சும்மா நடக்க ஒரு வழி

லாரியால் சோறு தின்றுகொண்டே லாரியை இவ்வளவு வெறுத்த மனுஷி, எங்கள் சேந்தமங்கலத்து புக்கிங் அக்காவைத் தவிர, உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பிறக்கிற குழந்தை 'அம்மா' சொல்வதற்கு முன்னால் ஆரன் அடிக்கும். அப்படிப்பட்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு, லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசையும் நடத்திக்கொண்டு, "லாரி போக நாடு பூரா ரோடு போட்டிருக்கறாங்க. மனுசன் சும்மா நடக்கறதுக்கு ஒரு வழி போட்டிருக்கறாங்களா?" என்று கேட்டவர் அவர். கேட்டதோடு நிற்காமல், தானே போடவும் ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். நான்தான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. எல்லாருக்கும் அவர் புக்கிங் அக்கா. ஐம்பது வயதிருக்கும். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். காலில் ஆம்பளைச் செருப்பு. பொம்பளைச் செருப்பில் அந்தப் பாதம் அடங்காது. அவருடைய வீட்டுக்காரர் எதிர்த்த டீக்கடைக்குக்கூட புல்லட்டில்தான் போவார். "அந்தாளுக்கும் சேத்தித்தான் நான் நடக்கறனுங்க" என்பார் அக்கா.

ஆபீஸ் என்பது நாமக்கல் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு மேஜை, ஒரு கறுப்பு டெலிபோன், சுவரில் டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இந்திய மேப். அதில் ரோடுகள் சிவப்பாக அச்சாகியிருந்தன. அக்கா அவற்றின் குறுக்கே மஞ்சள் பெயிண்டால் இன்னொரு இந்தியாவை வரைந்து வைத்திருந்தார்.

"சேந்தமங்கலத்துல எடுத்து வெச்ச காலு, காஷ்மீரு போற வரைக்கும் தார் ரோட்டுல படக் கூடாதுங்க. குறுக்கால வந்தாத் தாண்டிக்கலாம். இட்டேரி, ஏரிக்கரை, வாய்க்கா வரப்பு, மலை வழி, எல்லாத்தையும் முடிச்சுப் போட்டுட்டே போனா வழி தானா வந்துருது."

லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர் யாராவது வாயைக் கொடுப்பார்.

"காஷ்மீருக்கு நடந்து போயி என்னங்க்கா பண்றது?"

"பாக்கறது."

"பாத்து?"

"பாத்துட்டு ஊட்டுக்கு வாரது. நீ லாரில போயி என்னத்தடா பாத்த? முன்னால போற லாரியோட பின்பக்கத்தப் பாத்த."

இட்டேரி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தோட்டங்களின் கிளுவை வேலிகளுக்கு நடுவே போகிற மண்வழி அது. மாட்டுவண்டி போகும், ஆடு போகும், கவுதாரி போகும். யாருக்கும் சொந்தமில்லை, அதனாலேயே இரண்டு பக்கத்துக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் வேலியை உள்ளே நகர்த்திக்கொண்டு வருவார்கள். வேலி நகராத இட்டேரியைப் பார்த்தால், இரண்டு பக்கமும் வழக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

அக்காவின் வழிக்கு அடையாளம் ஒரு மஞ்சள் பாதம். பழைய டியூப் ரப்பரின் மேல் தன் காலையே வைத்துக் கோடு போட்டு, நடுவில் வெட்டி எடுத்துவிட்டார். அந்த ஓட்டையைக் கல்லில் வைத்துப் பெயிண்ட் அடித்தால் பாதம் விழும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் எல்லாம் அவர் ஆபீசுக்குத்தான் வரும். புறப்படுகிற ஒவ்வொரு லாரியிலும் ஒரு டப்பா, ஒரு பிரஷ், ஒரு ரப்பர் பாதம். டிரைவர் எங்கே வண்டியை நிறுத்தினாலும் இறங்கி, பக்கத்தில் நல்ல நடைவழி எது என்று விசாரித்து, நடந்து பார்த்து, அதன் தலைமாட்டில் பாதம் போட்டுவிட்டு வர வேண்டும்.

பாவம், அவர்கள் பட்ட பாடு. ஒருவர் ஆந்திராவில் தெரியாமல் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டுவிட்டு, சுவர் முழுவதையும் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொருவர் போட்ட பாதங்களை வரிசையாகப் பார்த்தால் நல்ல புரோட்டாக்கடை எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும். "அந்த வழில நடந்தவன் காஷ்மீரு போவமாட்டான், ஆசுபத்திரிக்குத்தான் போவான்" என்று அக்கா அந்தக் கோட்டை மேப்பில் அழித்தார். குஜராத்தில் ஏதோ ஒரு ஊரில் பாதத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. டிரங்க் காலில் அவர் கத்தியது டெலிபோன் இல்லாமலே குஜராத்துக்குக் கேட்டிருக்கும்.

"கும்புடறதுக்காடா போட்டேன்? மிதிக்கறதுக்குப் போட்டேன். மிதிச்சுட்டு நடக்கச் சொல்லு."

நான் சேலம் டவுனில் வளர்ந்து, பி.எஸ்ஸி. படித்து, கல்யாணமாகி சேந்தமங்கலம் வந்தவள். வீட்டுக்காரருக்கு அரசாங்க வேலை. அவர்கள் குடும்பத்துக்குக் கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் தோட்டங்கள். என் மகள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்த சமயம். அழுதால் வயிற்றுவலியோ என்று பயப்படுவேன். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயப்படுவேன். தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் அது விழித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லாய். அத்தை சொல்கிறபடி செய்வேன், பிறகு குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைப் பார்த்து அது தப்போ என்று கவலைப்படுவேன். குழந்தையும் தேறவில்லை, நானும் தேறவில்லை.

ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க கொழந்தைக்குக் காது இருக்குதுங்களா? நான் பாத்ததே இல்ல."

குல்லாயைக் கழற்றிக் காட்டினேன்.

"இருக்குது. அப்ப அதுக்குக் கவுதாரிச் சத்தம் கேக்கும். பொழுதோட வாங்க, நடந்துட்டு வரலாம்."

"எங்கீங்க?"

"எங்கீமில்ல. சும்மா."

வாசகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த வீட்டில் மருமகள் கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எழவுக்குக் கட்டாயம் போகலாம். 'சும்மா' என்று ஒரு இடத்துக்குப் போக முடியாது. நான் தயங்கியதைப் பார்த்த அக்கா மறுநாள் ஒரு தூக்குப்போசியோடு வந்தார்.

"இதக் கையில புடிங்க. ஆரு கேட்டாலும் ஆட்டுப்பாலுக்குப் போறேன்னு சொல்லுங்க. போசி வெச்சிருக்கற பொம்பளைய எந்த ஊருலயும் ஆரும் நிறுத்த மாட்டாங்க."

உண்மைதான். யாரும் நிறுத்தவில்லை. ஒரு இடுப்பில் குழந்தை, ஒரு கையில் காலிப் போசி, பக்கத்தில் அக்கா. கிளுவை வேலியில் கோவைக்கொடி ஏறியிருக்கும். நேரே முன்னால் கொல்லிமலை நிற்கும். பாம்பு வருமோ, குழந்தைக்குத் தூசி ஆகாதோ என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். அக்கா பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். திரும்பி வரும் வழியில்தான் கவனிப்பேன், கேட்பதை எப்போதோ நிறுத்தியிருப்பேன். அவர் ஆபீஸ் எதிரே டீக்கடையில் போசி நிறையப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

"ஆட்டுப்பால் குடிச்ச பொறவுதான் கொழந்தை தேறுது" என்றார் அத்தை. "ஆட்டுப்பால் காப்பி ருசியே தனி" என்றார் என் வீட்டுக்காரர்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போர் போடுகிற ரிக் வண்டி வந்தது.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, இட்டேரியின் மேல்புறத் தோட்டத்துக்காரர். தண்ணீருக்காக அங்கங்கே போர் போட்டு, எல்லாவற்றிலும் புகைதான் வந்திருந்தது. கடைசியாக நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார். அவர் தோட்டமெல்லாம் நடந்து ஒரு இடத்தைக் காட்டி, வழக்கப்படி மஞ்சள் பூசிய கல் ஒன்றை நட்டுவிட்டுப் போனார். பெரிய மாமாவுக்கு அன்றைக்கென்று ஒரு கல்யாணம். "மஞ்சக் கல்லு இருக்கற எடத்துல போடுங்க" என்று ரிக் ஆட்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பந்தியில் உட்காரப் போய்விட்டார்.

மஞ்சள் பூசிய கல்லை ஆடு தள்ளிவிட்டிருந்தது. மஞ்சள் பாதம் போட்ட கல், நடு இட்டேரியில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் பொழுதோடு நடக்கப் போனபோது இட்டேரியே தெரியவில்லை. வெள்ளைப் புழுதி. நடுவில் ரிக் நின்று உறுமிக்கொண்டிருந்தது. நான் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடுவதா நிற்பதா என்று யோசிப்பதற்குள், புழுதி நின்று தண்ணீர் பீறிட்டது. அவ்வளவு தண்ணீரை நான் மேட்டூரில்தான் பார்த்திருந்தேன்.

"என்ற காலடில தண்ணி" என்றார் அக்கா. சந்தோஷப்படுவதா திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கல்யாணத்திலிருந்து ஓடிவந்த பெரிய மாமா முதலில் ரிக் ஆட்களைத் திட்டினார். பிறகு தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார். திட்டுவது நின்றது. அடுத்த வாரமே போருக்கு இரண்டு பக்கமும் இட்டேரிக்குக் குறுக்கே கல்கால் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்.

"வழி பொதுவுங்க" என்று அக்கா போய் நின்றார்.

"தண்ணி என்ற காசுல வந்துது. தண்ணி இருக்கற எடத்துக்கு நான் வேலி போடறேன்."

"போருக்குப் போடுங்க. வழிக்கு ஏனுங்க போடறீங்க? காஷ்மீரு போற வழிங்க இது."

"காஷ்மீரு போறவன் நாமக்கல் போயி பஸ் ஏறட்டும்."

அக்கா ஆபீசுக்குத் திரும்பினார். அன்றிலிருந்து ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது: நடந்தால்தான் லோடு. ஜவ்வரிசி மூட்டையோ முட்டையோ, எந்த லோடு வேண்டுமானாலும், டிரைவர் முதலில் இட்டேரியில் கம்பிவேலி வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று, "வழி வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். லுங்கி கட்டியவர்கள், வேட்டி கட்டியவர்கள், தலைப்பாகை கட்டிய பஞ்சாப் டிரைவர்கள் என்று சேந்தமங்கலம் இட்டேரியில் இந்தியாவே நடந்தது. ஒரு சர்தார்ஜி மட்டும் "வளி வேணூம்" என்று இரண்டு தரம் சொல்லி, கூட ஒரு லோடு கேட்டுப் பார்த்தார்.

ஒரு நாள் பெரிய மாமா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். எதிரே அக்காவும் ஒரு கூட்டம் டிரைவர்களும். நானும் குழந்தையோடு, போசியோடு, கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் ஒடுங்கி நின்றேன். வந்திருக்கக் கூடாது என்று அன்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும்.

"ஆடு ஓட்டறவன் கெழக்கால சுத்திப் போயிக்கறான்" என்றார் பெரிய மாமா. "பால்காரன் ரோட்டுல போறான். அப்பறம் இது ஆருக்கு வழி?"

"சும்மா நடக்கறவங்களுக்கு."

"சும்மா நடக்கறவன் ஆரு? இவனுங்களா? லோடு தர மாட்டேன்னு பயங்காட்டி ஓட்டிட்டு வந்திருக்கற. இது லோடுக்கு நடக்கறது." அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "ஒரே ஒரு ஆளைக் காட்டு. ஆரும் ஓட்டாம, ஒரு காரியமும் இல்லாம, தன்னால இந்த இட்டேரில நடக்கற ஆளு. காட்டினீன்னா இப்பவே கம்பிய அவுக்கறேன்."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்தார்ஜி தன் செருப்பைப் பார்த்தார். அக்காவுக்குத் தெரிந்து அப்படி ஒரு ஆள் இருந்தது. சில எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தது. அக்கா மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வேலியில் இருந்த ஓணானைக்கூடப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

பெரிய மாமாதான் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ என்ன அம்மிணி இங்க?"

போசியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதற்குள் அக்கா குறுக்கே வந்தார்.

"அவங்க ஆட்டுப்பாலுக்குப் போறாங்க. கொழந்தைக்காரி, உடுங்க, போகட்டும்."

அப்படிச் சொன்னதோடு அக்காவின் வழி அங்கேயே முடிந்துபோனது. அது அவருக்கும் தெரியும். காஷ்மீர் வரைக்கும் போட்ட கோட்டை, என் போசியைக் காப்பாற்றுவதற்காக, முதல் முடிச்சிலேயே அறுத்துவிட்டார்.

நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. அத்தை என்ன சொல்வார், வீட்டுக்காரர் முகத்தை எப்படிப் பார்ப்பது, அப்பாவுக்கு ஆள் விட்டு அனுப்புவார்களா, குழந்தைக்கு வெயில் படுகிறதே. எல்லாம் நினைத்து முடித்த பிறகும் பெரிய மாமா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பாலுக்கு இல்லீங்க மாமா" என்றேன்.

"பின்ன?"

"நான்தானுங்க அந்த ஆள். தெனமும் வருவேன். யாரும் ஓட்டலைங்க. காரியம் ஒண்ணும் இல்லைங்க. நடக்கறதுக்குத்தான் வருவேன். சும்மாதான்."

"போசி எதுக்கு?"

மூடியைத் திறந்து நீட்டினேன். உள்ளே குழந்தைக்கு ஒரு மாற்றுத்துணி. அதன்மேல் வரும் வழியில் பொறுக்கிய ஒரு கவுதாரி இறகு. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பெரிய மாமா போசிக்குள் வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் வந்த அன்றுகூட அவர் போர்க்குழியை அப்படி எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

"எங்க ஊட்டு மருமக" என்றார்.

"ஆமாங்க."

"சும்மா."

"ஆமாங்க மாமா. நாளைக்கும் வருவேனுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள் நான்.

பெரிய மாமா கண்ணாடியை இறக்கினார்.

"மூடு அம்மிணி. காத்துல எறகு போயிரும்" என்றார். பிறகு திரும்பி, தோட்டத்து ஆளைக் கூப்பிட்டார். "கம்பிய அவுத்துப் போரைச் சுத்திக் கட்டு. வழில ஆடு மாடு வராம, ஆளு மட்டும் நொழையற மாதிரி ஒரு கடவு உடு. கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு நொழையோணும், பாத்து அகலமா உடு."

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அத்தை கொஞ்ச நாள் என்னோடு பேசாமல், என் காதில் விழும்படி குழந்தையோடு பேசினார். "பெரியவங்க முன்னால போசியத் தொறந்து காட்டினாளாமா உங்கம்மா." என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை.

"அப்ப நான் இத்தனை நாளாக் குடிச்சது ஆட்டுப்பால் இல்லையா?"

"டீக்கடைப் பாலுங்க."

"தண்ணி கலந்ததா?"

"ஆமாங்க."

"அதான பார்த்தேன்" என்றார், எதைப் பார்த்தாரோ.

மறுநாள் அக்கா எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் மேஜை மேல் ஒரு புது டியூப் ரப்பரை விரித்து, என் மகளைத் தூக்கி அதன்மேல் நிறுத்தி, பாதத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டார். ரப்பர் அழுக்கு ஒட்டுமே என்று பதறி, வீட்டுக்குப் போய் அந்தக் காலைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

"இனிமே ரெண்டு பாதமாப் போடுங்கடா" என்றார் அக்கா டிரைவர்களிடம். "பெருசு ஒண்ணு, பக்கத்துல சிறுசு ஒண்ணு. கொழந்தையத் தூக்கிட்டுக்கூட நடக்கலாமுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியோணும்."

பிறகு எங்களுக்கு மேட்டூருக்கு மாற்றல் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. பொழுதோடு மகளோடு கிளம்பினால், "எங்கே, கடைக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "சும்மா" என்பேன். அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், காரணம் ஏதாவது வரும் என்று. வராது. இப்போது என்னிடம் போசி கிடையாது.

போன மாதம் அப்படித்தான் நீர்த்தேக்கக் கரை ஓரமாக, மீன் வலை உலர்த்துகிற இடத்தையும் தாண்டிப் போனோம். முன்னால் ஓடிய என் மகள் ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க யாரோ காலைப் பெயிண்டுல வெச்சுட்டுப் போயிட்டாங்க."

தரையோடு படிந்த கல். மஞ்சள் பாதி உரிந்திருந்தது. பெரிய பாதம் ஒன்று, ஒட்டினாற்போல் சின்னப் பாதம் ஒன்று. மகள் சின்னதில் தன் காலை வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல்கூடச் சரியாக அடங்கவில்லை.

"இது எந்தப் பாப்பாவோட கால்?"

"உன்னோடதுதான்" என்றேன். அவள் நம்பவில்லை.

பெரிய பாதத்தைப் பார்த்ததும் என் கை தானாக நெஞ்சுக்கு ஏறியது. கும்பிட்டால் அக்கா திட்டுவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதை மிதித்து நின்றேன், அதற்கு வலிக்காமல்.